மாலை இல்லாத படம்

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. காலையில் லுக்குட் சந்தைக்குப் போய் வந்தேன். மோட்டார் சைக்கிளைக் கழுவினேன். வாரத்துக்கு வேண்டிய சட்டைகளைத் தேய்த்து மாட்டினேன். கடைசியாகச் சப்பாத்து. கறுப்புப் பாலிஷ் டப்பாவைத் திறந்தால் எனக்குப் பெரியப்பாவின் நினைவுதான் வரும்.

அவர் மலேசிய ராணுவத்தில் இருந்தார். லீவில் வந்தால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயமே அவர் பின்னால் திரியும். ராணுவ பிஸ்கட் கல்லைப் போல இருக்கும். நாங்கள் தேநீரில் ஊறவைத்துத் தின்போம். லீவு முடியும் திங்கட்கிழமை காலை, வாசற்படியில் உட்கார்ந்து பெரியம்மாதான் அவருடைய பூட்ஸைத் தேய்ப்பார். பெரியப்பா குனிந்து பார்த்து, "என் மீசை தெரியலையே" என்பார். "இருந்தாத்தானே தெரியும்" என்பார் பெரியம்மா.

அப்படிப் போன ஒரு முறை அவர் திரும்பவில்லை. காட்டுக்குள் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் இழுத்துக்கொண்டது என்று கூட இருந்த கார்ப்பரல் வந்து சொன்னார். உடல் கிடைக்கவில்லை. பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை. தோட்டத்தை விட்டு என்னோடு லுக்குட்டுக்கு வந்த பிறகும், சீருடை அணிந்த அந்தப் படம் சுவரில் மாலை இல்லாமலே இருந்தது. மாலை போட்ட படத்துக்கு எங்கள் வீடுகளில் ஒரே அர்த்தம்தான்.

மூடிக் கிடந்த எங்கள் தோட்டத்துப் பள்ளிக் கட்டடத்தில், பட்டாளத்துக்குப் போனவர்களுக்காக ஊர்க்காரர்கள் காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். படத்தையும், அவர் வீட்டில் விட்டுப்போயிருந்த இன்னொரு ஜோடி பூட்ஸையும் கேட்டார்கள். பெரியம்மா படத்தை மட்டும் கொடுத்தார். "பூட்ஸ் எப்படிக் குடுக்கறது? வந்தா போட்டுக்கணும்ல."

அந்த ஞாயிறு பிற்பகல்தான் திறப்பு விழா. காட்சியகத்தின் செயலாளர் சிரம்பான் பட்டணத்தில் வளர்ந்தவர், நல்ல மனிதர். எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரி சாமந்தி மாலை வாங்கிப் போட்டிருந்தார். பெரியப்பாவின் படத்துக்கும்.

பெரியம்மா அதன் முன்னால் நின்றார்.  

"யாரு தம்பி போட்டது?"

"மரியாதைக்குத்தாம்மா..." என்றார் செயலாளர்.

"எங்க வீட்டு ஆளு வெளிய போயிருக்காரு. அவரு வரட்டும், அவர்கிட்டயே கேட்டுட்டுப் போடுங்க."

எட்டி மாலையைக் கழற்றினார். பிறகு முன்வரிசையில் கைத்தடியோடு இருந்த கார்ப்பரலிடம் போனார். அந்தச் செய்தியைச் சொன்ன நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை.

"இது செத்தவங்க மாலை இல்ல தம்பி. போட்டுக்கிறீங்களா?"

அவருடைய மகள், "அப்பா, வேணாம் லா" என்று கையைப் பிடித்தாள். படத்திலிருந்து எடுத்த மாலையை யார்தான் கழுத்தில் வாங்கிக்கொள்வார்? கார்ப்பரல் மகளின் கையை விலக்கிவிட்டுத் தடியை ஊன்றி எழுந்தார்.

"போடுங்க அண்ணி" என்று தலையைக் குனிந்தார்.

விழா முடியும்வரை அவர் அதைக் கழற்றவில்லை. வீடு திரும்பும் வழியில் பெரியம்மா, கார்ப்பரல் மெலிந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததும் பெரியம்மா எல்லாத் திங்கட்கிழமையும்போல வாசற்படியில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல், என் பாலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கால் பூட்ஸை என் பக்கம் தள்ளிவிட்டார்.