மலையை இஸ்திரி போட்ட பூதலிங்கம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடையொன்றில் கணக்கெழுதும் பூதலிங்கத்துக்கு வாழ்க்கையில் ஒரேயொரு குறை. எதிலும் அவர் முதலாவதாக வந்ததில்லை. கடைசியாக வந்திருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். எல்லாவற்றிலும் இரண்டாவது. வீட்டில் இரண்டாவது பிள்ளை, பள்ளிக்கூடத்தில் இரண்டாவது ரேங்க், பகவதியம்மாளைப் பெண் பார்க்கப் போனவர்களிலும் இரண்டாவது. முதலில் பார்த்துவிட்டுப் போனவன் நல்லவேளையாகத் துபாய்க்குப் போய்விட்டான்.

ஐம்பது வயதுக்குமேல் இந்த மனிதருக்கு ஜியோகேச்சிங் பைத்தியம் பிடித்தது. ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் போடுவார். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

“புதையலுக்குள்ள என்ன இருக்கும்?” என்று பகவதியம்மாள் ஆரம்பத்தில் ஆசையாகத்தான் கேட்டாள்.

“ஒரு துண்டுக் காகிதம்.”

“அதுல?”

“நம்ம பேரை எழுதலாம்.”

“அதை இஞ்ச வீட்டுல இருந்து எழுதினா ஆகாதா?”

பூதலிங்கத்துக்கு ஆகாது. அந்தக் காகிதத்தின் முதல் வரியில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய தவம். ஆனால் கிழக்கேகோட்டையில் தேடினாலும் சரி, வேளிக் காயலோரம் தேடினாலும் சரி, டப்பாவைத் திறந்தால் முதல் வரியில் சுஜித் என்றிருக்கும். சுஜித் முப்பது வயது வங்கி ஊழியன். பைக் இருக்கிறது, முழங்கால் வலி இல்லை. அநியாயம்தான்.

இப்படியிருக்க, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் அனீஷ் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு, இந்தத் தடவை எண்களைத் தரமாட்டேன் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தான். டப்பா ஜில்லாவின் நடுப்புள்ளியில் இருக்கிறதாம். நடு எது என்று அவரவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம். மாநிலத்தின் நடுப்புள்ளி பற்றிய சண்டையை வடக்கே உள்ளவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால், திருவனந்தபுரத்துக்காரர்கள் ஜில்லாவோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. சண்டைக்கு அதுவே தாராளமாகப் போதும். ஒரு கட்சி நெடுமங்காடு என்றது. இன்னொரு கட்சி வெள்ளநாட்டு ரப்பர் தோட்டம் என்றது. கடல் அரித்துக்கொண்டுபோன மணலைக் கழிக்க வேண்டாமா என்று கேட்ட ஒருவரைக் குழுவிலிருந்தே நீக்கினார்கள்.

பூதலிங்கம் மூன்றாவது கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான். பகவதியம்மாள் கசங்கிய சேலைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. வரைபடக்காரர்கள் மலையை மேலேயிருந்து பார்த்துத் தட்டையாக அளந்துவிடுகிறார்கள். சரிவுகளையெல்லாம் சேலைபோல நீவிவிட்டால் கிழக்கே நிலம் கூடும், நடுப்புள்ளியும் கிழக்கே நகரும். கடை நேரத்திலும் கணக்குப் போட்டு, விதுராவுக்கு அப்பால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் பென்சிலால் குத்தினார். குழுவிலும் படத்தைப் போட்டார். ஒருவரும் பதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிளம்பினார். புள்ளி விழுந்த இடத்தில் ஓர் அயினி மரம், அடியில் ஏகப்பட்ட கற்கள். ஒன்று மட்டும் யாரோ தூக்கி நிறுத்தியதுபோல் நின்றது. டப்பா இதற்கு அடியில்தான் என்று அவர் மனசு அடித்துச் சொன்னது. கல்லோ அசைந்து கொடுக்கவில்லை. அதற்குள் மலை இருட்டிக்கொண்டு வந்தது, அட்டைகள் காலில் ஏறின. அடுத்த வாரம் கடப்பாரையோடு வரலாம் என்று தீர்மானித்து, அடையாளத்துக்கு ஏதாவது கிடைக்குமா என்று சட்டைப்பையைத் துழாவினார். காலையில் முத்தாரம்மன் கோவிலில் வாங்கி மடித்துவைத்த குங்குமம் இருந்தது. எடுத்துக் கல்லில் அழுத்திப் பூசினார்.

அங்கேதான் தப்பு நடந்தது. நின்றுகொண்டிருக்கும் கல்லில் குங்குமம் வைத்துவிட்டு நாஞ்சில் நாட்டுக்காரனால் சும்மா திரும்பிவர முடியாது. கால் தானாகச் செருப்பை உதறியது. கை தானாகக் கூப்பியது. கன்னத்திலும் போட்டுக்கொண்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு, சாக்கில் சுற்றிய கடப்பாரையோடு போய்ச் சேர்ந்தார். கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அரளி மாலை, விளக்கு, இலையில் பொங்கல். தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்கய்யா,” என்று ஒருத்தி எழுந்தாள். கொழுந்து கிள்ளும் மாடம்மாள். “நீங்க செருப்பக் கழத்திக் கும்புட்டத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நானும் வந்து கும்புட்டேன். காணாமப் போன ஆடு அன்னைக்கே வீட்டு வாசல்ல வந்து நிக்கி. சாக்குல என்னய்யா?”

“வேல்,” என்றார் பூதலிங்கம். வேறு என்ன சொல்வது.

பெண்கள் குலவை போட்டார்கள். கடப்பாரையைக் கல்லுக்குப் பக்கத்தில் நட்டு, எலுமிச்சம்பழத்தையும் கட்டிவிட்டார்கள்.

பூதலிங்கம் நொந்துபோனார். வாழ்நாளில் அவருக்கு விதித்த முதல் வரி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன்மேல் சாமி உட்கார்ந்திருக்கிறது. உட்காரவைத்தவரும் அவரேதான். கூட்டம் கலைந்ததும் கல்லைப் புரட்டிவிடலாமா என்று நினைத்தார். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து பைக் சத்தம் கேட்டது. சுஜித் போனும் கையுமாக இறங்கி நேரே கல்லைப் பார்த்து வந்தான். பூதலிங்கம் குறுக்கே பாய்ந்தார்.

“தொடாதப்பா. செருப்பக் கழத்து.”

சுஜித் கழற்றினான். “நான் ஒண்ணும் தொடலை சாரே. சார் இங்கதான் வரும்னு தெரியும். ரேஞ்சும் கிடையாது, அதான் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். டப்பா இன்னைக்குக் காலையிலேயே கிட்டியாச்சு. நெடுமங்காட்டுல, ஒரு பேக்கரியோட பின்மதில்ல. அனீஷ் தட்டையாத்தான் கணக்குப் போட்டிருக்கான், கேட்டோ.”

போனில் படம் காட்டினான். காகிதத்தின் முதல் வரியில் சுஜித் என்றிருந்தது.

“அப்போ இதுக்கு அடியில?”

“ஒண்ணும் இல்ல சாரே.”

பூதலிங்கத்துக்கு அழுகை வந்தது. இத்தனை பெண்களுக்கு முன்னால் அழவும் முடியாமல் கல்லைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பக்தி முற்றிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மாடம்மாள் ஒரு பெயிண்டு டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து நீட்டினாள். “யாரால வந்த சாமின்னு பக்கத்துல இருக்க இந்தப் பாறையில எழுதணும். உங்க பேர நீங்களே எழுதிருங்கய்யா.”

பாறை வெறுமையாக இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்துக் கிடையாது. சுஜித் கிடையாது. பூதலிங்கம் பிரஷைத் தோய்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்த இடம் இதுதான். ஆனால் முதலில் கண்டவருக்கே முதல் வரி என்று விளையாட்டில் ஒரு விதி இருக்கிறதே. அவர் இந்தக் கல்லுக்கு அடியில் ஒரு டப்பாவைத்தான் தேடினார், அதுவும் இல்லை. சாமியைக் கண்டது யார்?

அவர் எழுதியதை மாடம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “என் பேரு எதுக்குய்யா மேல?”

“மொதல்ல கண்டது நீங்கதானம்மா,” என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே இரண்டாவது வரியில் தன் பெயரை நிதானமாக எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இடம் அவருக்கு உறுத்தவில்லை.

சுஜித் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

“சாரே, மூணாவதா நான் எழுதட்டா?”

பூதலிங்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு பிரஷைக் கொடுத்தார்.