சென்னைக்கும் தருமபுரிக்கும் எத்தனை பாட்டில் தூரம்

தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாது; புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். கடிகாரம் பார்க்க வராதே தவிர, நேரம் தவறியதில்லை. குளுக்கோஸ் பாட்டில்தான் என் கணக்கு. நிதானமாக ஓடினால் ஒரு பாட்டில் நாலு மணி நேரம். ரோட்டையும் அப்படியே அளப்பேன். ஆம்புலன்சில் நோயாளிகளோடு போனால் ஓசூர் அரைப் பாட்டில். பெங்களூர் நெரிசலில் மாட்டினால் முழுப் பாட்டில். திரும்பும்போது டிரைவர் சூளகிரியில் டீ வாங்கித் தருவார். அப்படி ஒரு டீ! அது கிடக்கட்டும்.

கடத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், வயிற்றில் கட்டி முற்றிப் படுத்திருந்தார். ஒரு நாள் காலை டாக்டர் அவர் மகளை வெளியே கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். ஒரே மகன் சென்னையில். நிலத் தகராறில் அப்பனும் மகனும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்கா கூப்பிட்டதும் போனில் அழுதான்.

"கார்ல வந்தா ஆறு மணி நேரம் ஆவுங்க்கா. பெங்களூருக்கு ஃப்ளைட் ஒரு மணி நேரந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருப்பேன்."

விமானம் என்றதும் எனக்கு ஒரே பூரிப்பு. அப்போதுதான் மாட்டிய பாட்டிலைக் காட்டிப் பெரியவரிடம் சொன்னேன்: "அண்ணா, இது தீர்றதுக்குள்ள உங்க மவன் வந்துருவாருங்க."

அவர் அந்தப் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

விமானத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும் என்று எனக்கென்ன தெரியும்? ஏர்போர்ட் பெங்களூருக்கும் அந்தப் பக்கம். ஊரைத் தாண்டி, அதன் பிறகு நான் அளந்து வைத்த அத்தனை ரோடும் வர வேண்டும். ரோடு தெரிந்த எனக்கே அது உறைக்கவில்லை.

பாட்டில் அடிக்கு வந்தபோது மகன் போன் செய்தான், இப்போதுதான் இறங்கினேன் என்று. நர்ஸ் அடுத்த பாட்டிலோடு வந்தாள். மகன் வரும்வரை தீராமல், இருக்கிறதையே கொஞ்சம் மெதுவாக விடக் கூடாதா என்று கேட்டேன்.

"ஆயாம்மா, அது மருந்து. நீங்க சொல்ற நேரத்துக்கெல்லாம் ஓடாதுங்க."

மாட்டினாள். பெரியவர் அந்த நிறைந்த பாட்டிலைப் பார்த்தார். "இன்னொண்ணாம்மா?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேசவில்லை. அந்தப் பாட்டிலில் கால்வாசி மிச்சமிருக்கும்போது போய்விட்டார்.

மகன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். "அப்பா எதுனா சொன்னாரா?" என்று அக்காவைக் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் படுக்கை விரிப்பை மடிக்கக் குனிந்துகொண்டேன். அவன் காரிலேயே வந்திருந்தால் ஒன்றரைப் பாட்டில்தான். முகம் பார்த்திருப்பான்.

யாராவது ஃப்ளைட் ஒரு மணி நேரம் என்றால், அவர்கள் வூட்டு வாசலிலிருந்து நம் வார்டு வாசலுக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நோயாளியிடம் 'கெளம்பிட்டாரு' என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டிலைக் காட்டி மட்டும் சொல்லாதீர்கள். படுத்திருப்பவர்களுக்குப் பார்க்க வேறு ஒன்றும் இருக்காது.