என் முகத்தை மட்டும் பார்க்காத கேமரா

முதன்முதலாக வாங்கிய கேமராவில் நான் எடுத்த முகங்கள் எல்லாமே மங்கலாக விழுந்தன. கூடவே வந்த லென்ஸ் மட்டம் என்று முடிவுகட்டி, ஆறு மாதமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொல்லிமலையில் அரியூர் நாடு என்கிற ஊர்ப் பக்கம் போயிருந்தபோது, மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, என்னைய ஒரு படம் எடுங்க. மக துபாய்ல நர்சா இருக்கறா. ஊருக்கு வந்து மூணு வருசமாச்சு. ரூம்ல மாட்டி வெக்க நல்ல படமா ஒண்ணு கேக்கறா."

இறங்கி வந்து மிளகுக்கொடி ஓரமாக நின்றார். எடுத்துக் காட்டினேன். வழக்கம்போல மங்கல். "லென்ஸ் சரியில்லைங்க" என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "இல்லீங்களே! பின்னாடி மிளகு மணிமணியாத் தெரியுதுங்க. என் மொகத்தத்தான் அது பாக்கல."

எனக்குச் சுருக்கென்றது. எந்த இடம் தெளிவாக விழ வேண்டும் என்று கேமராவுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதுவே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று செட்டிங்கைத் துழாவி, ஃபோகஸ் சதுரத்தை அவர் கண்மீது வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "என் கண்ணுக்குள்ள நீங்க நிக்கறீங்க பாருங்க!"

படம் அன்றே துபாய்க்குப் போனது. இத்தனை நாளும் நான் படமெடுத்தவர்களின் கண்ணை ஒருமுறையாவது பார்த்தேனா என்று, மலையிறங்கும் பஸ்ஸில் யோசித்தபடியே வந்தேன்.