சந்தாபுராவிலிருந்து ஜெயநகர்: கையைக் கட்டிக்கொண்டு ஒரு பயணம்

போன மாதம் ஒரு புதன்கிழமை சந்தாபுராவிலிருந்து ஜெயநகர் போய் வந்தோம். நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகள் பயணிப்பதற்கான விதிகளின் வரைவு வந்திருந்தது. அதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம் அங்கே. வரைவில் ஒரு வரி: சக்கர நாற்காலியில் வருபவர் துணையாளுடன்தான் ஏற வேண்டும்.

என்னோடு வந்த செல்வி அக்காவின் வேலை அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டவர். பொம்மசந்திராவில் பழைய கம்பெனியே பேக்கிங் பிரிவில் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் தானாக வந்து போக வேண்டும். கணவருக்கும் அதே நேர ஷிப்ட். கூட வர வேறு ஆள் இல்லை.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். குளிப்பது, சமைப்பது, பஸ் ஏறுவது போன்ற அன்றாட வேலைகளை ஒருவர் மறுபடி தானே செய்யப் பழக்குகிறவள்; அக்காவுக்கும் நான்தான் பயிற்சி கொடுத்தேன். (எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான்தான். என் வேலை என்னவென்று அம்மா இன்னும் பக்கத்து வீட்டில் சரியாகச் சொன்னதில்லை.) எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: ஒருவர் முயலும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அவசரப்பட்டு உதவினால், எங்கே தடுக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

காலை எட்டரைக்குத் தாழ்தள பஸ் வந்தது. நிறுத்தத்தை ஆட்டோக்கள் அடைத்திருந்ததால் சாலை நடுவில் நின்றது. கண்டக்டர் இறங்கி நடுக்கதவின் சாய்தளப் பலகையை விரித்தார். நடைபாதை எட்டாததால் அது தார் ரோட்டில் மிகச் சரிவாக விழுந்தது.

"கூட யாரு, இவங்களா? தள்ளுங்க மேடம், லேட் ஆகுது."

என் கை தானாக நீண்டது.

"மேடம், கை!" என்றார் அக்கா. நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பினார். கையைக் கட்டிக்கொண்டேன். இரண்டு முறை முயன்றார். நாற்காலி பின்னால் சரிந்தது. "சரி, இப்ப தள்ளுங்க. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க?"

கர்நாடக முகவரியில் ஆதார் இருந்தால் பெண்களுக்கு பஸ்ஸில் கட்டணம் இல்லை. எனக்குத் தமிழ்நாட்டு ஆதார். "பாத்தீங்களா, எனக்கு ஃப்ரீ. துணையாளுக்குத்தான் செலவு" என்று அக்கா சிரித்தார்.

பொம்மசந்திராவில் ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. டிரைவர் நடைபாதையை ஒட்டியே நிறுத்தினார். பலகை கிட்டத்தட்ட சமமாக விழுந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா தானே இறங்கியிருந்தார். அங்கிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ, அறுபது ரூபாய். லிஃப்ட் வேலை செய்தது. கூட்ட அரங்கு ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேரம்.

கூட்டத்தில் அக்கா, தனக்குத் துணையாள் தேவையில்லை என்று பேசினார். தலைமை வகித்த அதிகாரி தமிழிலேயே கேட்டார்: "இன்னைக்கு இவங்க கூடத்தானே வந்தீங்கம்மா?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். மைக் என் பக்கம் வந்தது. படித்த காலத்தில், வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே எனக்குக் குரல் வராது. மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"கூட வந்தேன் சார். ஒரே ஒரு இடத்துலதான் தொட்டேன். பஸ் தள்ளி நின்ன இடத்துல. ஒட்டி நின்ன இடத்துல அவங்களே இறங்கிட்டாங்க. அதே நாற்காலி, அதே பலகை, அதே கை. துணையாள் வேணும்ங்கறத எடுத்துட்டு, பஸ் நடைபாதைய ஒட்டி நிக்கணும்னு எழுதுங்க சார்."

"டிராஃபிக்ல அது கஷ்டம்மா."

"நிறுத்தத்துல ஆட்டோ நிக்கக் கூடாதுன்னும் சேத்து எழுதுங்க" என்றார் அக்கா.

குறித்துக்கொண்டார்கள். இறுதி விதிகள் இன்னும் வரவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு: பஸ் வரும்போதே டிரைவருக்குக் கை காட்டி ஓரம் கட்டச் சொல்லுங்கள். பலகை எந்தக் கதவில் இருக்கிறது என்று பார்த்து அங்கே நில்லுங்கள். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால், கேட்காமல் பிடியைத் தொடாதீர்கள்.

திரும்பும்போது பொம்மசந்திராவில் அக்கா, "நீங்க அடுத்த பஸ்ல வாங்க" என்றார். கை காட்டினார். பஸ் ஒட்டி நின்றது. கண்டக்டர் பலகையை விரிக்க, அக்கா ஏறிப் போனார். நான் கையைக் கட்டிக்கொண்டு நடைபாதையிலேயே நின்றேன்.

அடுத்த பஸ் நன்றாகத் தள்ளி நின்றது. சாலையில் இறங்கி நடந்து ஏறிக்கொண்டேன். கூட யார் என்று என்னை யாரும் கேட்கவில்லை.