நீலம் பூசிய கூரைகள்

நான் வேலை பார்க்கும் இடத்தில் காடு சிவப்பாக இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆபீஸ், பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் சுவர் நிறையக் கண்ணாடி போட்ட ஒரு படம். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட் எடுத்தது. கடல் கறுப்பு, ஊர்கள் சாம்பல், மலையும் காடும் மட்டும் குங்குமத்தைக் கொட்டினது மாதிரிச் சிவப்பு. தினமும் காலை எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடியைத் துடைப்பது என் முதல் வேலை. சேர்ந்த புதிதில், காடு எரிந்துபோனதைத்தான் படம் எடுத்து மாட்டியிருக்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். அங்கே ஆபீசரான வினோத் சார்தான் பிறகு சொன்னார், செடிகொடி இருக்கிற இடத்தை அந்தப் படத்தில் சிவப்பாகக் காட்டுவார்களாம். செழிப்பு கூடக்கூடச் சிவப்பும் கூடுமாம். சரி என்று கேட்டுக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாகத் துடைக்கிறேன், இன்னமும் காலையில் அதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் திக்கென்றுதான் இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். தமிழை விரல் வைத்து வாசிப்பேன். இதில் எழுத்துப் பிழை இருந்தால், இதைப் போடுகிற பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளலாம், விஷயத்தைத் திருத்த வேண்டாம். மலையாள எழுத்து இத்தனை வருஷமாகியும் என் கண்ணில் ஒட்டவில்லை. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியின் போர்டை நான் படிப்பதில்லை. முதல் எழுத்தின் சுழியையும் எழுத்தின் எண்ணிக்கையையும் பார்த்து ஏறிவிடுவேன். தப்பாக ஏறியது இரண்டே முறை. அப்போதும் யாரிடமும் இந்த வண்டி எங்கே போகும் என்று கேட்கவில்லை. கேட்டால், பாண்டிக்காரியா என்று ஒரு பார்வை வரும், தமிழ்நாட்டுக்காரர்களை இங்கே அப்படித்தான் மட்டமாகச் சொல்வார்கள். அந்தப் பார்வையை வாங்குவதற்குப் பதிலாக இறங்கி நடந்துவிடலாம். நான் அப்படிப்பட்டவள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், வயலும் வாய்க்காலுமான ஊர். கல்யாணமாகி வந்தது மலைக்கு, இந்த ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே குடியிருப்பை லயம் என்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஒரே நீளத் தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகப் பன்னிரண்டு கதவு. கதவுக்கு ஒரு குடும்பம். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்பு. ஐந்தாவது கதவில் கடுகு தாளித்தால் எட்டாவது கதவில் தும்முவார்கள். அப்படி ஐந்து லயம், ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடைக்கு இந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை, கங்காணி, டிரைவர் குடும்பங்களுக்குத் தனித்தனியாகச் சின்ன வீடுகள். மலை உச்சிக் காட்டில் கொழுந்து பறிக்கும்போது குனிந்து பார்த்தால் ஐந்து கூரையும் கீழே தெரியும், ஐந்து தீப்பெட்டியை வரிசையாக அடுக்கினது மாதிரி. பதினொரு வருஷம் அதை மேலிருந்து பார்த்தேன். யாருடைய கதவுக்கு மேலே கூரைத் தகடு துருப்பிடித்திருக்கிறது, யார் கூரையில் கல் வைத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரியும்.

எனக்குத் துணை வேண்டும் என்று தங்கை பேச்சியை நான்தான் ஊரிலிருந்து வரச் சொன்னேன். வந்தவளுக்கு அங்கேயே மாப்பிள்ளை அமைந்தது. இரண்டாவது லயத்தில் கடைசிக் கதவு அவளுடையது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் நகரத்துக்கு இறங்கினேன். சில வருஷம் கழித்து அவளும் தனியாளானாள். பிள்ளை கிடையாது. "நீயும் வந்துரு" என்று கூப்பிட்டேன். "கீழ வந்து எவன் வீட்டுத் தரையத் தொடைக்கவா? நீ தொடை" என்றாள். அவளும் என்னைப் போலத்தான், வாய் மட்டும் கூட. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. வருஷம் ஒருமுறை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான் மேலே போவேன். மற்ற நாளில் ஞாயிற்றுக்கிழமை போன்.

ஆபீசில் அடிக்கடி வெளிநாட்டுக்காரர்கள் வந்து வகுப்பு நடத்துவார்கள். ஒரு நாட்டில் வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால், மற்ற நாடுகள் தங்கள் சாட்டிலைட்டை அந்தப் பக்கம் திருப்பிப் படம் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. கேட்ட நேரத்தில் தர வேண்டும். இதை வினோத் சார் சொன்னபோது எனக்கு உடனே புரிந்தது. நம் பக்கம் இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் பொங்கி எடுத்து வருவார்கள். அதுபோலத்தான் இதுவும். பகையாளி வீட்டிலிருந்தும் அன்றைக்குச் சோறு வரும்.

அந்த வகுப்பு அறையில் ஒரு தடவை நானும் வாய் திறந்தேன். அது, நான் சொல்ல வந்த விஷயம் நடப்பதற்கு முந்தின வருஷம். டீ கொடுக்கப் போன இடத்தில், திரையில் இருந்த படத்தைக் காட்டி ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். நானும் மரியாதைக்கு, அது எங்கள் மலை, அந்தச் சரிவில் வெட்டுக்கிடங்கு என்று நீளக் குழி தோண்டினால் தண்ணீர் நிற்கும் என்று ஆரம்பித்தேன். வெளியிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரி எல்லோருக்கும் முன்னால், "அம்மச்சி, சாயா மதி. க்ளாஸ் எடுக்கண்ட" என்றார். டீ கொடுத்தால் போதும், பாடம் நடத்த வேண்டாமாம். அறையே சிரித்தது. வெள்ளைக்காரரும் என்ன என்று தெரியாமலே சிரித்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இந்த அறைக்குள் என் வாய் திறக்காது.

மலை சரிந்த அன்று காலை, பஸ்ஸிலேயே செய்தி காதில் விழுந்தது. நம் ஊரில் மழை விருந்தாளி. வந்தால் வாசலில் நின்று பார்ப்போம். இங்கே குடக்கூலிக்கு வந்து காலி செய்யாதவனைப் போல உட்கார்ந்திருக்கும், அதனால் மூன்று நாள் மழையை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பேச்சிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மணி அடித்தது.

கேண்டீனில் என்னோடு வேலை செய்கிற லீலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு லீவு எடுத்தூடே?" என்றாள்.

"லீவு எடுத்து எங்கிட்டுப் போவ? மலைக்குப் பஸ் ஓடலல்லா. பால் காஞ்சிட்டா பாரு."

அந்த வாரம் பத்து நாட்டுக்காரர்கள் வகுப்புக்கு வந்திருந்தார்கள். வகுப்பு நின்றுபோய், எல்லோரும் நிஜ வேலையில் இறங்கிவிட்டார்கள். பத்தரை மணி டீயோடு போனேன். எங்கிருந்தோ ஒரு நாட்டு சாட்டிலைட், மேகம் விலகின கொஞ்ச நேரத்தில் எடுத்த படம் திரையில் இருந்தது. பக்கத்திலேயே போன மாதத்துப் படம். சிவப்புக்கு நடுவே, நகத்தால் கீறினது மாதிரி வெளுப்பாக ஒரு கோடு. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஓடையின் வளைவு, பள்ளிக்கூடம், ஐந்து தீப்பெட்டி. புதுப் படத்தில் மூன்று தீப்பெட்டிதான் முழுசாக இருந்தது. பழைய படத்தின் மேல் எங்கோ தூரதேசத்திலிருந்து நிறம் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கத்துச் சின்ன வீடுகளுக்கு மஞ்சள். ஐந்து லயத்துக்கும் நீலம். வினோத் சார் போனில் மலையடிவாரத்தில் நின்ற மீட்புக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீலம் ஷெட்டாணு, ஆளில்லா. மஞ்ஞ ஆத்யம்." நீலம் ஆளில்லாத ஷெட், மஞ்சளுக்கு முதலில் போங்கள் என்று.

தூரதேசத்தில் உட்கார்ந்து நிறம் போட்டவர் பேரில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். மேலிருந்து பார்த்தால் முற்றம் கிடையாது, வேலி கிடையாது, தனித்தனிக் கூரை கிடையாது. அத்தனை நீளக் கூரையைக் கண்டால் தேயிலை மூட்டை அடுக்குகிற குடோன் என்றுதான் தோன்றும். அதற்குள் அறுபது அடுப்பு எரியும் என்று எவருக்குத் தோன்றும்? பொங்கி எடுத்து வருகிறவர்களுக்கு வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஆள் நான், அந்த அறையில் டீத் தட்டோடு நின்றேன். வினோத் சார் கையால், டீயை அங்கே வை என்று காட்டினார். வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெரிய படிப்பாளிகள், எப்படியும் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். மலையிலிருந்து யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். இவையெல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்டவையாகக்கூட இருக்கலாம். அந்த நேரத்தில் என் காதில் கேட்டது, போன வருஷத்துச் சிரிப்பு. பதினோரு மணிக்கு கிளாஸ் கழுவினேன். பன்னிரண்டரைக்குச் சோறு பரிமாறினேன். நடுவில் நான்கு முறை போன் போட்டேன். மணி அடித்தது. மூன்று மணிக்கு மறுபடியும் போட்டபோது மணி அடிக்கவில்லை. ஒரு பெண் குரல் மலையாளத்தில், நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

மூன்றரை டீக்குப் போனேன். தட்டில் பன்னிரண்டு கிளாஸ். திரைக்கு முன்னால் ஒரு ஜப்பான்காரம்மா உட்கார்ந்திருந்தாள், என் வயதில் பாதி இருக்கும். அவள் மேஜையில் பன்னிரண்டு கிளாசையும் நெருக்கி ஒரே வரிசையாக வைத்தேன். எல்லாம் தனக்கென்று நினைத்துக்கொண்டு அவள் பதறி, "நோ, நோ, ஒன், ஒன்லி ஒன்" என்று ஒரு விரலைக் காட்டினாள். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து வரிசை முழுவதையும் மூடினேன். திரையில் நீலக் கூரையைத் தொட்டேன். துண்டைத் தொட்டேன். பிறகு துண்டை உருவினேன்.

வினோத் சார் திரும்பி, "எந்தா அம்மச்சி இது?" என்றார்.

"ஷெட்டு இல்ல சாரே. லயம். ஒரு கூரைக்கு பன்னெண்டு வீடு. எல்லாத்துலயும் ஆளு உண்டு."

அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அவரும் இந்த நாட்டுக்காரர், லயம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் அல்ல. ஆனால் காலையிலிருந்து அவர் பார்த்தது கூரையை அல்ல, நிறத்தை. ஜப்பான்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள். "ஹவ் மெனி? பீப்பிள், ஹவ் மெனி?" எனக்கு அந்த இங்கிலீஷ் புரிந்தது. எண்ணிச் சொல்லத் தெரியவில்லை, பெயராகத்தான் தெரியும். முதல் லயம், முதல் கதவு என்று ஆரம்பித்துச் சொல்லச் சொல்ல, வினோத் சார் எழுதினார். யார் யார், எத்தனை பிள்ளை, யார் நடக்க முடியாத கிழவர். இரண்டாவது லயம் கடைசிக் கதவு வந்தது. "பேச்சி. ஒருத்தி" என்றேன். மூன்றாவது லயத்துக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவருக்குத் தெரியாதே. சொல்லி முடித்தபோது மேஜையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. திரையில் நீலம் மஞ்சளாக மாறியது.

இருட்டுவதற்குள் கயிறு கட்டி ஓடையைத் தாண்டினார்கள். முதல் லயத்தின் ஒரு மூலையிலிருந்து நான்கு பேரை உயிரோடு எடுத்தார்கள். நடக்க முடியாத கிழவர் அதில் ஒருவர். இரண்டாவது லயம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நாள்கணக்காகத் தோண்டியும் பேச்சி கிடைக்கவில்லை. விஷயம் தெரிந்து வினோத் சார் கேண்டீனுக்கே வந்தார். அந்த லயம் முதல் நொடியிலேயே போய்விட்டது, நீங்கள் காலையில் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றார். நல்ல மனுஷர். சரி சாரே என்றேன். போன் மணி அடித்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. மண்ணுக்கு அடியில் கிடந்தும் போன் அடிக்குமாம், லீலாவின் மகன் சொன்னான். இருக்கலாம். நான் அழவில்லை. மறுநாள் எட்டு மணிக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

பேச்சிக்கு ரேஷன் கார்டில் இருந்ததைத் தவிர வேறு போட்டோ கிடையாது, அந்தக் கார்டும் அவளோடு போயிற்று. வினோத் சாரிடம் கேட்டு, சரிவதற்கு முந்தின அந்த வானத்துப் படத்தை அச்செடுத்து வாங்கி, ஊரில் இருக்கும் தம்பி சுடலைமுத்துவுக்கு அனுப்பினேன். ஐந்து கூரையும் அதில் இருக்கிறது. பதினாறாம் நாளுக்குப் போனபோது அவன் அதைச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, சந்தனப் பொட்டும் வைத்திருந்தான். ஊர்க்காரர்கள் வந்து வந்து கும்பிட்டார்கள். "மலையாளத்து மதினி கொண்டாந்த படம்" என்று தம்பி பெண்டாட்டி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் நான் பாண்டிக்காரி, ஊரில் மலையாளத்துக்காரி. அது பழகிவிட்டது.

கிட்டே போய்ப் பார்த்தேன். பொட்டு நாலாவது லயத்தின் நடுவில் இருந்தது.

"ஏல, இது அவ வீடு இல்ல" என்றேன்.

"எக்கா, எல்லாம் ஒண்ணுபோலத்தான இருக்கு. சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும். உனக்குத் தெரியணும்லா."

எல்லோரும் பார்க்க, முந்தானையை நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்தேன். விரலில் சந்தனம் தொட்டு, இரண்டாவது லயத்தின் கடைசிக் கதவுக்கு மேலே வைத்தேன். நான்கு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான்.

சடங்குக்கு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று சுடலைமுத்து கேட்டான். உடல் கிடைக்காதவளுக்கு, அவள் கிடக்கிற திசையைப் பார்த்துச் செய்வோம் என்றேன். அங்கிருந்து மலை மேற்கே. பிண்டம் வைத்து நிமிர்ந்தபோது சூரியன் அவள் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டேன். இங்கே அதே மலை கிழக்கே. காலையில் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சூரியன் அவள் மேலிருந்து ஏறிவருகிறது. உள்ளே போய்த் துணியை நனைத்துப் பிழிந்து, சிவப்பு மலையைத் துடைக்கிறேன்.