முப்பது பேருக்கு ஒரே கிணறு

கிளிநொச்சியில் ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலில், வாகை மரத்துக்குக் கீழே ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, பதினாலு வருடமாகச் சனத்துக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுக்கிறேன். பாலன் எழுதினால் கல்லும் கரையும் என்று சனம் சொல்லும். சொல்லட்டுமே, எனக்கென்ன கசக்கவா செய்யும்? ஒருமுறை நான் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பெரிய அதிகாரி கண்ணைத் துடைத்ததாகக் கேள்வி. அன்றிலிருந்து அந்தக் கடிதத்தை நான் விடவில்லை. ‘பாழ்ங்காட்டைத் திருத்தி, சொந்தக் கைகளால் கிணறு வெட்டி, ஐந்து பிள்ளைகளுடன் கண்ணீரும் கம்பலையுமாக வாழ்ந்துவரும் ஏழையேன்…’ என்று தொடங்கும். பேரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

வீரம்மாக்காவுக்கும் அதையேதான் எழுதினேன்.

அவருடைய வீடு ஸ்கந்தபுரம் தாண்டி உள்ளே. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டுவிட்டு, பதினேழு வயதில் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். அன்று பிடித்த ஒரு ஏக்கர்தான் இன்றைக்கும். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாத காணி அரசாங்கக் காணி. நாளைக்கு எழும்பு என்றால் எழும்ப வேண்டியதுதான். அறுபத்தைந்து வயதில் எங்கே போவது?

பெட்டிசம் எழுத வந்த அன்று கதிரையில் இருக்கமாட்டேன் என்று வாகை வேரில் குந்திக்கொண்டார். விவரம் கேட்டால் மனுசி பனியில் தொடங்குகிறார். மலையில் விடியற்காலை கை நீட்டினால் கை தெரியாதாம். வன்னிக்கு வந்த முதல் நாள் எதைப் பார்த்தாலும் தூரத்திலேயே தெரிந்ததால் பயந்து போனாராம். கண் எங்கேயோ நிற்கிறது, குரல் பாதி நித்திரையில் வருகிறது. கேட்டுக்கொண்டிருந்தால் வெயிலும் எதிரே கிடந்த ஒழுங்கையும் மங்கிப்போய், எனக்கே கால் குளிர்ந்த மாதிரி இருந்தது. சட்டென்று தலையை உதறிக்கொண்டேன்.

“அக்கா, உங்கட கனவெல்லாம் விசாரிக்க வாற மிஸ்ஸுக்குத் தேவையில்லை. கையெழுத்தை வையுங்கோ,” என்றேன்.

வைத்தார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஏழு பேர் காத்திருந்தார்கள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போங்கோ,” என்று அனுப்பிவிட்டேன்.

காணிக் கச்சேரி என்று எங்கள் பக்கத்தில் ஒன்று நடக்கும். காகிதம் இல்லாத சனம் ஒரு மண்டபத்தில் கூடி, காணி தங்களுக்கு எப்படி வந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். அயலவர் யாரும் எழும்பி ஆட்சேபிக்கலாம். அதன் பிறகுதான் காணிக்குப் பேர்மிட். வீரம்மாக்காவைக் கூப்பிட்ட அன்றைக்கு என் கடிதத்தோடு முப்பது பேர் போனார்கள். வேடிக்கை பார்க்க நானும் போய்ப் பின் வரிசையில் இருந்தேன்.

விசாரிக்க வந்த மிஸ் இளம் பிள்ளை. முதல் கடிதத்தைப் படித்துத் தலையாட்டினார். இரண்டாவதுக்கும் ஆட்டினார். ஆறாவதில் நெற்றி சுருங்கியது. பதினோராவதில் பேனையைக் கீழே வைத்துவிட்டு, மிச்சக் கடிதங்களையும் புரட்டிப் பார்த்தார்.

“இந்தக் கிணத்தை ஒராள் வெட்டினதோ, முப்பது பேரும் சேர்ந்து வெட்டினதோ?”

மண்டபமே சிரித்தது. அரைவாசிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! அதன் பிறகு மிஸ் யாரையும் நம்பவில்லை. மெய் சொன்னவன், பொய் சொன்னவன் எல்லாருக்கும் ஒரே பதில்: “பிறகு பாப்பம்.”

இருபத்திரண்டாவதாக வீரம்மாக்காவைக் கூப்பிட்டார்கள். மிஸ் கடிதத்தைச் சத்தமாக வாசித்தார், சலிப்போடு. வீரம்மாக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, “அது நான் சொன்னது இல்லீங்க மிஸ்,” என்றார்.

“அப்ப?”

“கெணறு நான் வெட்டல. பக்கத்துக் காணி கமலேஸ்வரி வீட்டுக்காரரு வெட்டினது. நாங்க அதுல தண்ணி அள்ளுறோம். புள்ளையும் அஞ்சு இல்ல, ரெண்டுதான். அதோட, நடுவுல நாலு வருசம் நான் அங்க இல்லவே இல்ல. எங்க வீட்டுக்காரரு செத்ததும் அந்த மண்ணப் பாக்கவே புடிக்கல. புளியங்குளத்துல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலைக்குப் போயிட்டேன். அந்த நாலு வருசமும் கமலேஸ்வரிதான் எங்காணியில மொளகா போட்டுச்சு.”

அடி பாவி மனுசி! வாயைக் குடுத்துக் காணியையும் குடுக்கப் போகிறாளே என்று நான் தலையில் கைவைத்தேன். தொடர்ந்து இருந்ததாகக் காட்டுவதுதானே இதில் முக்கியம்? போதாக்குறைக்கு அந்தக் கமலேஸ்வரியே மூன்றாம் வரிசையில் இருந்தார்.

மிஸ் கடிதத்தை ஒதுக்கிவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “பிறகு எப்பிடியம்மா உங்கட காணி எண்டு சொல்லுறீங்கள்?”

வீரம்மாக்கா கண்ணை மூடினார்.

“வடக்கால ஒரு பாலமரம் மிஸ். காலையில அதுக்குக் கீழ நின்னா கொளத்துப் பக்கமிருந்து காத்து வரும், நெல்லு பூத்த வாசத்தோட. அங்கேருந்து எட்டு எட்டு வச்சா ஒரு கல்லு. அதுல குந்தித்தான் பெரியவனுக்குப் பால் குடுத்தேன். கல்லுக்கு அங்கிட்டு மண்ணு செவப்பு, இங்கிட்டு கறுப்பு. கறுப்புல மரவள்ளி வராது. மூணு வருசம் நட்டேன், மூணு வருசமும் அழுவிப் போச்சு…”

மின்விசிறி மேலே முனகிக்கொண்டு சுற்றியது. நான் இருந்த இடத்திலேயே அந்தப் பாலை நிழலில் நின்றேன், எட்டு எட்டு வைத்தேன், கல்லில் கை வைத்தேன். எத்தனை நேரம் நடந்தோமோ தெரியாது. எனக்கு முன்னால் இருந்த கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்திருந்தார்.

“ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ?” மிஸ்ஸின் குரலும் மெதுவாகத்தான் வந்தது.

கமலேஸ்வரி எழும்பினார்.

“ஆட்சேபிக்கத்தான் மிஸ் வந்தனான். எங்கட கிணத்தைத் தன்ர எண்டு எழுதிக் குடுத்திருக்கிறா எண்டு கேள்விப்பட்டு, வயிறு பத்திக்கொண்டு வந்தனான்.” வீரம்மாக்காவைத் திரும்பிப் பார்த்தார். “காணி அவாவின்ரதான். அந்தக் கறுப்பு மண்ணில நானும் மரவள்ளி நட்டு அழுகிப்போனது. வேற ஆருக்கும் அது தெரியாது.”

அன்றைக்கு மிஸ் ‘சிபாரிசு செய்கிறேன்’ என்று எழுதிய ஒரே ஆள் வீரம்மாக்காதான். வெளியே வந்தவர் என்னைக் கண்டு, “கோவிச்சுக்காதீங்க தம்பி, எழுத்து ரொம்ப அழகாத்தான் இருந்துச்சு,” என்றார். அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை மேசையைத் தூசு தட்டும்போதே எனக்கு முன்னால் வரிசை நின்றது. முதல் ஆள் மாயாண்டி அண்ணன். முந்தின நாள் ‘பிறகு பாப்பம்’ கேட்டுத் திரும்பியவர்களில் ஒருவர். வலது கையை மேசையில் ஊன்றிக் குனிந்தார். அதில் இரண்டு விரல் இல்லை.

“இது என்ன அண்ணை?”

“கெணறு வெட்டினப்பப் போனதுங்க. பாறைக்கு வெடி வச்சோம்ல.”

எழுதிய நாளில் நான் கேட்கவில்லை. நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

“அண்ணை, அப்ப நீங்கள் உண்மையாவே…”

“அத விடுங்க தம்பி,” என்றார் அவசரமாக, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில். “வீரம்மா சொன்ன மாதிரியே எனக்கும் எழுதுங்க. நான் கெணறு வெட்டலன்னு போடுங்க. அப்பத்தான் நம்புவாங்க.”