பல்லுச்சில்லுக்கு வைத்த பொட்டு

மார்ச் எட்டு, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. மோர்டனில் தூறல், வெளியே ஏழு டிகிரி. வாசலில் ரஞ்சன் புதிதாக வாங்கிய சிறிய மின்சார லொறி நின்றது. ரஞ்சன் என் மனைவியின் தம்பி. மனைவி ஒரு கையில் குடையும் மறு கையில் சந்தனக் கிண்ணமுமாகப் போய், முன்மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தட்டொன்று எல்லாவற்றையும் மூடிக் கிடந்தது.

"இதிலை எஞ்சின் எங்கையடா?"

"எஞ்சின் இல்லையக்கா, மோட்டர்தான்."

அவள் கிண்ணத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக்கின் நடுவில் ஒரு பொட்டை வைத்தாள். மூடியை இறக்குவதற்குள் மழைத்துளி பட்டு அது வழியத் தொடங்கிவிட்டது. எனக்கு ஏதோ குறைந்தாற்போல இருந்தது. யோசித்துப் பார்த்தால், குறைந்தது வாசனை. ஈரச் சந்தனத்தோடு டீசலும் பழைய கிறீசும் கலந்தடிக்கும் ஒரு மணம் இருக்கிறதே, அதை நான் வாழ்க்கையில் ஒரேயொரு நாள்தான் மோந்திருக்கிறேன். 

ஆறு வருடங்களுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. அப்போது ரஞ்சனிடம் பழைய டீசல் லொறி ஒன்று இருந்தது. விடியமுன் மொத்தச் சந்தைக்குப் போய் மரவள்ளியும் வாழைக்காயும் ஏற்றி, எங்கள் ஆட்களின் கடைகளுக்கு இறக்குவான். அதன் டைமிங் பெல்ற் வெடித்துப் பிளக்கத் தொடங்கியிருந்தது. அது ஒரு றப்பர் வார். எஞ்சினில் மேலே ஒரு பல்லுச்சில்லு, அதாவது பல் வைத்த சக்கரம், கீழே ஒரு பல்லுச்சில்லு. இரண்டையும் இந்த வார்தான் சேர்த்துச் சுழற்றும். இரண்டும் சொல்லிவைத்தாற்போலச் சுற்ற வேண்டும். ஒரு பல் தப்பினாலும் உள்ளே இரும்போடு இரும்பு மோதும். அதோடு எஞ்சின் முடிந்தது. கராஜில் மூன்று கிழமை பொறுக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை லொறி போகாவிட்டால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். லொறி வாங்கிய கடனில் பாதி அப்படியே நின்றது. ஆகவே எங்கள் வீட்டு முன்முற்றத்தில் வைத்துத் தானே மாற்றுவதென்று ரஞ்சன் முடிவெடுத்தான்.

அவனுக்குக் கை வரும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன். என் வேலை விளக்குப் பிடிப்பதும், கழற்றிய திருகாணிகளை எண்ணி ஐஸ்கிரீம் டப்பாவில் போடுவதும். எண்ணுவது எனக்கு இந்த நாட்டில் தொற்றிய வியாதி. வந்த புதிதில் நானும் அவனும் ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தோம். ஷிப்ட் மாறும்போது சிகரெட் பெட்டிகளை எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள். படித்த படிப்பெல்லாம் மறந்து போயிற்று. எதையும் இரண்டு தரம் எண்ணும் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் படியேறினால் எண்ணுகிறேன், இடியப்பம் வைத்தால் எண்ணுகிறேன். மனைவிக்கு அது பிடிப்பதில்லை.

பழைய வாரைக் கழற்றமுன், எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளை மையால் ரஞ்சன் ஒவ்வொரு சில்லிலும் ஒரு பல்லில் புள்ளி வைத்தான். அதற்கு நேரே எஞ்சின் உடம்பிலும் ஒவ்வொரு புள்ளி. வாரை எடுத்ததும் மேல் சில்லு ஒரு துள்ளுத் துள்ளி விலகியது. அது வழக்கந்தான், புள்ளியைப் புள்ளிக்கு நேரே திருப்பினால் போதும் என்றான். நாங்கள் கை கழுவித் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனோம்.

திரும்பி வந்தபோது இரண்டு சில்லுகளும் கோயில் குத்துவிளக்குப் போலப் பளபளத்தன. கிறீஸ் இல்லை, கறுப்பு இல்லை, பல்லில் வைத்த வெள்ளைப் புள்ளியும் இல்லை; எஞ்சின் உடம்பிலிருந்த புள்ளிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மனைவி கையில் பழந்துணியோடு, புதுச் சாமான் பூட்டமுன் சுவாமிக்குக் காட்ட வேண்டாமா என்று எங்களையே கேட்டாள்.

ரஞ்சன் தரையில் குந்திவிட்டான். "அக்கா, நீங்கள் கும்பிட்டது காணும். உள்ளை போங்கோ."

 திங்கட்கிழமை, கடன், அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகள், எல்லாம் என் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. மனைவி போகவில்லை. அவளுக்குக் கோபம்.

"வெள்ளைப் புள்ளி வைச்சுக் கிடந்தது. பொட்டுக்கு இடம் பாத்து வைச்சனியள் எண்டு நினைச்சன். துடைச்சுப்போட்டு அதிலைதானே வைச்சனான்."

ரஞ்சன் என்னைப் பார்த்தான். நான் சில்லைப் பார்த்தேன். பொட்டுத் தாராளமான பொட்டு. இரண்டு பல்லை மூடியிருந்தது. அதில் எந்தப் பல்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்குப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றபோது, ஒவ்வொரு சில்லிலும் முன்பே இருந்த ஒரு சிறு வெட்டிலிருந்து புள்ளி வரை பற்களை நான் எண்ணியிருந்தேன். மேலே பதினொன்று, கீழே நான்கு. சொன்னேன். சொன்ன கையோடு சந்தேகமும் வந்துவிட்டது. பதினொன்றா, பன்னிரண்டா? வெட்டையும் சேர்த்தா எண்ணினேன்?

ரஞ்சன் எண்ணிப் பார்த்தான். பொட்டு மூடியிருந்தது பதினோராவதையும் பன்னிரண்டாவதையும்.

"அத்தான், எத்தினை தரம் எண்ணினியள்?"

"ரண்டு தரம்."

"ரண்டு தரமும் பதினொண்டோ?"

"ஓம்."

"அப்ப பதினொண்டுதான். பெற்றோல் செற்றிலை உங்கடை ஷிப்டிலை ஒருநாளும் துண்டு விழேல்லை."

கீழேயும் பொட்டுக்கு அடியில் நான்காவது பல் இருந்தது. இரண்டு பல்லையும் எஞ்சின் உடம்பிலிருந்த புள்ளிகளுக்கு நேரே திருப்பி வைத்து, புது வாரைப் பூட்டினான். சாவியைத் தொடாமல், பெரிய ஸ்பானரால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றினான். எங்காவது இடித்தால் கைக்குத் தெரியுமாம். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. இடிக்கவில்லை. பதினோராவது பல் எஞ்சின் உடம்பிலிருந்த வெள்ளைப் புள்ளிக்கு நேரே வந்து நின்றது. பிறகு ஏறிச் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒருதரம் இருமிவிட்டு, பழைய சத்தத்தில் ஓடத் தொடங்கியது.

நான் கவிழ்த்து வைத்த மரக்கறிப் பெட்டியில் இருந்துவிட்டேன். முதலில் செய்தது, டப்பாவைப் பார்த்தது. ஆணி ஒன்றுகூட மிச்சமில்லை. மனைவி கிண்ணத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி உள்ளே போனாள். பொட்டுகளை ரஞ்சன் துடைக்கவில்லை. அப்படியே மேலே மூடியைப் பூட்டியிருந்தான்.

அந்த லொறி இப்போது இல்லை. புகை கக்கும் பழைய வண்டிகளுக்கு நகரம் போட்ட நாளாந்தக் கட்டணத்தைக் கட்டி மாளாமல் விற்றான். வேறு நாட்டுக்குக் கப்பலேறியது என்று கேள்வி. முற்றத்துச் சீமெந்தில் கிடந்த எண்ணெய்க் கறையும் புது லொறியை எங்கள் முற்றத்திலேயே மின்னேற்றச் சார்ஜர் பூட்ட வந்தவர்கள் தோண்டியதோடு போயிற்று. புது லொறியில் வார் இல்லை, பல் இல்லை, தப்புவதற்கு ஒன்றுமில்லை. ரஞ்சன் நிம்மதியாக நித்திரை கொள்கிறான். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் நான்தான் பழைய கணக்கை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பெல்ற்றும் அதோடு மாற்றிய சாமான்களும் நூற்றுப் பதினெட்டு, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரில் கலக்கும் பச்சை மருந்து பதினான்கு ஐம்பது, ஸ்பானருக்கு ஒரு தலை ஒன்பது நாற்பது, வெள்ளை மை ஒன்று ஐம்பது. சந்தனத்துக்கு மனைவி கணக்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். அது நீங்கலாக, நூற்று நாற்பத்து மூன்று பவுண் நாற்பது பென்ஸ்.